வீட்டுக் கட்டை

நான் சங்கீதம் படித்ததற்குக் காரணம் கணக்கு. பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் தப்பிப் பிழைத்து வாங்கிய மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு சயின்ஸ் குரூப்பின் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது. பிளஸ் டூ வந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது. சங்கரன்கோவிலில் எங்கள் பெண்கள் பள்ளியில் காமர்ஸ் குரூப்பும் நிரம்பிவிட்டது. அப்பாவும் நானும் தலைமையாசிரியை அறைக்கு முன்னால் கால் கடுக்க நின்றோம். கடைசியில் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, வரலாறு, பொருளியல், சிறப்புத் தமிழ், அதோடு இந்திய இசை என்று ஒரு குரூப் இருக்கிறது, இடம் அதில்தான் இருக்கிறது என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கிடைத்தவரைக்கும் லாபம் என்று இருவரும் தலையாட்டிவிட்டு வந்தோம்.

வீட்டில் அதற்கு அம்மா 'பாட்டு குரூப்பு' என்று பெயர் வைத்தாள். தெருவில் செய்தி பரவியது. பாட்டுக்கும் பரீட்சை உண்டா, தப்பாகப் பாடினால் பெயிலாக்கிவிடுவார்களா என்று எதிர்வீட்டு அத்தை உண்மையான அக்கறையோடு விசாரித்தாள். என் மாமாவுக்குத்தான் கொண்டாட்டம். அம்மாவின் தம்பி அவர். குருவிகுளம் பக்கத்தில் வானத்தை நம்பி மானாவாரிக் காட்டை உழுதுகொண்டிருந்தவர், வானம் கைவிட்டதும் எங்கள் வீட்டோடு வந்து தறியில் நின்றுவிட்டார்.

"இந்த ஊர்ல சோத்துக்குத் தாளம் போடுதவன் எத்தனையோ பேரு இருக்கான். எல்லாவனும் படிக்காமப் போடுதான். நம்ம பிள்ளை முறையாப் படிச்சிட்டுப் போடப்போவுது" என்றார் மாமா.

அப்பா சிரிக்கவில்லை. அவர் எதற்கும் சட்டென்று சிரிப்பவர் இல்லை. "படி. ஆனா ஒண்ணு. எந்தப் பாடத்துல தவறுனாலும் தார் சுத்த வந்திரணும்" என்றார். தார் என்பது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல்கண்டு. எங்கள் வீட்டில் அதை அம்மாதான் நாள் முழுக்கச் சுற்றினாள். அவளுக்கு ஒரு கை கூடுதலாக வேண்டியிருந்தது, அந்தக் கை நான்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கோ டீச்சர் ட்ரெயினிங் போக வேண்டும், கையில் சாக்பீஸோடு ஒரு வகுப்பின் முன்னால் நிற்க வேண்டும். அதற்குப் பிளஸ் டூ தேற வேண்டும். அப்படியாக என் சாக்பீஸ், நான் அதுவரை வாயைத் திறந்து பாடியே இராத பாட்டின் கையில் போய் மாட்டிக்கொண்டது.

பாட்டு டீச்சர் புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வருவார். எலுமிச்சை மூட்டைகள் ஏறி இறங்கும் பஸ் என்பதால் காலை முதல் பாடவேளையில் அவர் சேலையில் எலுமிச்சை வாசம் அடிக்கும். ஆனால் எங்களை மட்டும் எலுமிச்சை ஊறுகாயைத் தொடக் கூடாது என்பார். தொண்டை கட்டிவிடுமாம். மத்தியானம் எங்கள் தயிர்ச்சோற்றுத் தூக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, ஊறுகாய் இருந்தால் அவரே எடுத்துச் சாப்பிட்டுவிடுவார். அவருடையது ஏற்கெனவே பாஸான தொண்டை.

முதல் வருடம் நாங்கள் பாடியதைவிட எழுதியதுதான் அதிகம். சங்கீதத்திலும் கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டியிருந்தது. பொருத்துக, குறிப்பு வரைக எல்லாம் உண்டு. மோகனத்தில் எந்தெந்த சுவரம் வராது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மோகனத்தைப் பாடச் சொன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பேன். ராக லட்சணங்களை நாங்கள் கூட்டாக ஒப்பித்த ஒப்பிப்புக்கு எந்த ராகமும் கிடையாது. கணக்குக்குத் தப்பித்து வந்தோம் என்று இருந்தேன். டீச்சர் ஒருநாள் போர்டில் தாளங்களைக் கட்டம் கட்டமாகப் போட்டு, எந்தத் தாளத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்று பெருக்கிக் காட்டியபோது, கணக்கு என் பின்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஆனாலும் எழுதுவதெல்லாம் எனக்கு வந்தது. மனப்பாடம் செய்வதில் நான் சோடை போனதே இல்லை.

இரண்டாம் வருடம்தான் செய்முறைத் தேர்வு என்று ஒன்று தலையை நீட்டியது. சயின்ஸ் குரூப் பிள்ளைகள் தவளையை அறுத்தால் போதும். நாங்கள் எங்கள் தொண்டையை அறுத்துக் காட்ட வேண்டும். அதற்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்து கேட்பார். எழுத்தில் எவ்வளவு வாங்கினாலும் அதில் தவறினால் பாடமே போயிற்று. பாடம் போனால் தார்.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுடையது கைத்தறித் தெரு. அதில் அப்போது பவர்லூம் வைத்திருந்தவர் அப்பா மட்டும்தான். முன்னறையை ஒட்டிய கொட்டகையில் இரண்டு தறிகள் ஓடின. மற்ற வீடுகளில் பொழுது சாய்ந்தால் தறியை விட்டு எழுந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஓய்ச்சல் கிடையாது. ஓடுகிற தறியை நிறுத்தக் கூடாது என்பது அப்பா தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். நூல் அறுந்தால் நிற்கும், கரண்டு போனால் நிற்கும், ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்கு நிற்கும். வேறு யார் வந்து சொன்னாலும் நிற்காது. சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தால்கூட தறியோரமாகவே நின்று கத்தி அழைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வோம்.

கொட்டகைச் சுவரில் ஒரு மரப்பலகை போர்டு இருந்தது. அதில் வெள்ளைப் பீங்கானில் மூன்று பீஸ் கட்டைகள் சொருகியிருக்கும். கம்பத்திலிருந்து தறிக்கு மூன்று கம்பியில் கரண்டு வரும், ஒவ்வொன்றுக்கும் பேஸ் என்று பெயர், பேஸுக்கு ஒரு கட்டை. மூன்றும் இருந்தால்தான் தறி ஓடும். வீட்டு விளக்குக்கு ஒன்று போதும். அதனால் ஒரு பேஸ் போய்விட்டால் விளக்கு அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும், தறி மட்டும் படுத்துவிடும். தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு 'ஒரு பேஸ் போச்சு' என்பது 'மழை வருது' என்பதுபோல. யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

சாயங்காலம் பள்ளிவிட்டு வந்ததும் முன்னறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடிப் பழகுவேன். தறியின் தடதடப்பு எங்கள் காதுக்குள் நுழைவதே இல்லை, அவ்வளவு பழக்கம். ஆனால் அந்தத் தடதடப்புக்கு அடியில் மோட்டார் 'ம்' என்று ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும். என் ஸா போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. எனக்கு அது தெரியாது. வீட்டில் பாடும்போது என் குரல் எங்கேயோ அழகாகப் பொருந்துவதும், பள்ளியில் பாடும்போது பொருந்தாமல் அலைவதும் மட்டும் தெரியும். கூச்சம்தான் காரணம் என்று எண்ணிக்கொண்டேன்.

பள்ளியில் ஒரே ஒரு சுருதிப்பெட்டி இருந்தது. சுருதியின் உயரத்தைக் கட்டை என்பார்கள். எங்கள் குரல்களுக்கு டீச்சர் அஞ்சு கட்டை வைப்பார். நான் ஸா பிடிப்பேன். இரண்டாவது வரி முடிவதற்குள் என் குரல் ஒரு நூல் மேலே ஏறி நிற்கும். சரி என்று அஞ்சரை வைப்பார். இப்போது ஒரு நூல் கீழே நிற்கும். டீச்சர் துருத்தியை அமுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அஞ்சுக்கும் அஞ்சரைக்கும் நடுவுல ஒரு கட்டை யாருட்டி உனக்குச் செஞ்சு கொடுத்தா?" என்றார்.

வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் அவர் என்னை மட்டும் நிறுத்தி, இப்படியே பாடினால் வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு பெயில் போட்டுவிடுவார் என்றார். அப்போது சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என் கண்முன்னே அம்மாவின் தார் ராட்டைதான் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் கோமதியம்மனைக் கும்பிட்டுவிட்டு, பஸ் ஏறும் முன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பாடிக்கொண்டிருந்தேன். அவர் வாசல் நடையிலேயே நின்று கேட்டார். பிறகு கொட்டகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கொட்டகையைப் பார்த்தார். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. விஷயத்தை எனக்கும் அம்மாவுக்கும் விளக்கினார். பிள்ளைக்குத் தறி மோட்டார்தான் தம்புரா ஆகியிருக்கிறது, சாயங்காலம் கொஞ்ச நேரம் தறியை நிறுத்த முடியுமா என்று கேட்டார். அம்மா பதறிவிட்டாள். "தறிய நிறுத்தவா? நூல் கொடுக்குற முதலாளிக்கு என்ன பதிலு சொல்ல டீச்சர்? நானே சொன்னாலும் அவுக கேக்க மாட்டாக" என்றாள்.

டீச்சர் நேரே கொட்டகைக்குள் போனார். அப்பா தறியை நிறுத்தவில்லை, மரியாதைக்குத் தலைத்துண்டை மட்டும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் கத்திப் பேசினார்கள்.

"அண்ணாச்சி, உங்க பொண்ணுக்கு வீட்டுல ஒரு கட்டை, ஸ்கூல்ல ஒரு கட்டைன்னு ஆகிப்போச்சு. வீட்டுக் கட்டைய எடுத்தாத்தான் ஸ்கூல் கட்டை நிக்கும்."

அப்பா காதில் கையை வைத்துக் குனிந்து கேட்டார். "எதை எடுக்கணும்?"

"கட்டைய. வீட்டுக் கட்டைய."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "எடுத்திரலாம் டீச்சர்" என்றார்.

எனக்கு அவமானத்தில் முகம் சிவந்துவிட்டது. டீச்சர் சுருதியைப் பற்றிச் சொல்கிறார், அப்பா விறகுக்கட்டையை நகர்த்தச் சொன்ன மாதிரி எடுத்துவிடலாம் என்கிறார். டீச்சர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார். மறுவாரம் சுருதிப்பெட்டியை ஒரு துணிப்பையில் போட்டு, ஹெச்.எம். கேட்டால் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன் என்று என்னிடம் கொடுத்தனுப்பினார். அதைப் பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

அன்று சாயங்காலம் அஞ்சு கட்டையைத் திறந்து துருத்தியை அமுக்கினால், பெட்டியின் சத்தம் பெட்டிக்கே கேட்கவில்லை. கல்யாண வீட்டு மேளத்துக்கு நடுவில் கொசு பாடிய மாதிரிதான். காதைப் பெட்டியோடு ஒட்டவைத்துப் பார்த்தேன். நடையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். மோட்டார் விடவில்லை. அப்பாவிடம் போய்க் கேட்கத் தைரியமில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்பது எழுதிவைத்த மாதிரி தெரியும். சமையலறையில் போய் அழுதேன். "அழுதா சுருதி சேந்திருமா? போய் அம்மன்கிட்ட சொல்லு" என்றாள் அம்மா. சொன்னேன். கோயிலில் புற்றுமண் வாங்கி வந்து, தண்ணீரில் குழைத்துத் தொண்டை நிறையப் பூசிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் பெட்டியை மடியில் வைத்து இன்னும் திறக்கக்கூட இல்லை, தறிகள் இரண்டும் நின்றன. வீட்டில் அப்படி ஓர் அமைதியைக் கேட்டு நெடுநாளாகியிருந்தது. தலைக்கு மேல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அப்பா கொட்டகை வாசலில் வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "ஒரு பேஸ் போச்சு" என்றார். மாமா தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். நான் துருத்தியை அமுக்கினேன். அஞ்சு கட்டை முன்னறை முழுக்க நிரம்பியது. அதற்குப் பக்கத்தில் என் ஸா ஒரு நூல் மேலே நிற்பது அன்றைக்குத்தான் முதல்முதலாக என் காதுக்கே கேட்டது. கால் வலிக்கும்வரை பாடினேன். பெட்டியை மூடிவைத்துத் தண்ணீர் குடிக்கப் போனேன். தறி ஓட ஆரம்பித்தது.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். நான் உட்காருவேன், பேஸ் போகும். நான் எழுந்திருப்பேன், பேஸ் வரும். எனக்குச் சந்தேகமே இல்லை, இது அம்மன் செய்கிற வேலை. வேறு யாரால் முடியும்? வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் ரகசியமாக நன்றி சொல்லிவிட்டு வந்தேன். தெருவில் கைத்தறிகள் ஓய்ந்திருக்கும். எங்கள் தறியும் ஓய்ந்திருக்கும். என் பாட்டு மட்டும் தெருவில் போகும். எதிர்வீட்டு அத்தை வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள். சில நாளில் புடைப்பது என் தாளத்துக்குச் சேரும். வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்கள் எவை என்று யாராவது கேட்டால், அந்த மாசி மாதத்துச் சாயங்காலங்களைத்தான் சொல்வேன்.

டீச்சரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "அம்மன் கிருபை டீச்சர். நான் பாட உக்காந்தா ஒரு பேஸ் போயிருது" என்றேன். டீச்சர், "அம்மன்தான் மக்கா. வேற யாரு இப்படிச் செய்வா" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அவ்வளவு பக்தி இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அந்த நாட்களில் அப்பாவின் வேட்டி மடியில் சாயங்காலமானால் ஏதோ ஒன்று முட்டிக்கொண்டு தெரியும். வெற்றிலைப் பொட்டலம் என்று நினைத்தேன், ஆனால் அப்பா வெற்றிலை போடுவதில்லை. அம்மா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "மடியில கனம் இருந்தா வழியில பயம் இருக்கும்பாக. உங்களுக்கு இருக்கா?" என்று கேட்டாள். அப்பா, "வாய மூடிக்கிட்டு தாரச் சுத்து" என்றார். அம்மா சிரித்தாள். அவர்களுக்குள் ஏதோ பழைய கேலி என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் போன நேரத்தை ஈடுகட்ட அப்பா சாப்பாட்டுக்குப் பிறகும் தறியில் நின்றார். கரண்டு செய்கிற வேலைக்கு அப்பா பாவம் என்ன செய்வார் என்று பரிதாபப்பட்டுக்கொண்டே தூங்கிப்போவேன்.

மாமாவுக்குத்தான் பொறுமை போய்விட்டது. நெய்த சேலையை அறுத்துக் கொடுக்கிற நாள் தள்ளிக்கொண்டே போகிறது, முதலாளி கேள்வி கேட்கிறார், ஊருக்கெல்லாம் வருகிற பேஸ் நம் வீட்டுக்கு மட்டும் ஏன் வராது என்று கரண்டு ஆபீஸுக்குப் புறப்பட்டார்.

"விடும் மாப்ளே. வெயில் ஏறுதுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றார் அப்பா.

"எதை விடச் சொல்லுதீய அத்தான்? கரெக்டா சாயங்காலத்துக்குப் போவுது, கரெக்டா வருது. கரண்டு என்ன ஆபீஸ் வேலையா பாக்குது?" என்றார் மாமா. அப்பா தறிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

பரீட்சைக்குச் சில நாட்கள்தான் இருந்தன. அம்மன் நிறுத்திவைத்த பேஸை லைன்மேன் வந்து சரிசெய்துவிட்டால் என் கதி என்ன? மறுநாள் சாயங்காலம் லைன்மேன் சைக்கிளில் வந்துவிட்டார். நான் பெட்டியை வைத்து வர்ணம் பாடிக்கொண்டிருந்தேன். அவர் வெளியே கம்பத்தில் ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து, மேலே எல்லாம் சரியாக இருக்கிறதே, போர்டைக் காட்டுங்கள் என்றார். மாமா கொட்டகையைக் கைகாட்டிவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார்.

முன்னறையிலிருந்து எனக்குக் கொட்டகை நன்றாகத் தெரியும். அப்பா போர்டை மறைத்தமாதிரி அதில் சாய்ந்து நின்றிருந்தார். லைன்மேன் ஏதோ சொன்னார். அப்பா மெதுவாக நகர்ந்தார். லைன்மேன் போர்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், அப்பாவின் மடியைப் பார்த்தார். அப்பா மோவாயால் என்னைக் காட்டினார். லைன்மேன் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டை ரசிக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை. இல்லாத கமகமெல்லாம் சேர்த்துப் பாடினேன்.

அவர் வெளியே வந்து மாமாவிடம், "கோளாறு பெருசா ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. பிள்ளைகளுக்குப் பரிச்சை முடிஞ்சா சரியாயிரும்" என்றார்.

"பரிச்சைக்கும் பேஸுக்கும் என்னவே சம்பந்தம்?" என்றார் மாமா.

"சம்பந்தம் இருக்கு" என்று சொல்லிவிட்டு லைன்மேன் சைக்கிளில் ஏறினார்.

மாமா தெருமுனை வரைக்கும் அவரைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். உள்ளே வந்தபோது அவருக்கு விளங்கிவிட்டிருந்தது. "பரிச்சை நேரம்லா. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்துல லைட்டைப் போட்டுட்டுப் படிக்குது. அங்கன எல்லாம் இழுத்தா இங்கன கரண்டு எப்படிப் பத்தும்?" என்று எங்களுக்கு விளக்கினார். அது எனக்கும் சரியாகப் பட்டது. அப்பா ரொம்பச் சரி மாப்ளே என்றார்.

பரீட்சைக்கு வந்தவர் நெல்லைப் பக்கத்துப் பெரியவர். பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க் வைத்திருந்தார். பாடுவது நாங்கள், வெந்நீர் குடித்தது அவர். என் முறை வந்தது. டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் அஞ்சு கட்டையைத் திறந்தார். ஸா பிடித்தேன், நின்றது. மோகனத்தில் கேட்டார், தொடங்கினேன். இரண்டு வரி போயிருக்கும். சுவருக்குப் பின்னால் பள்ளி ஆயா தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டாள்.

'ம்' என்று அதே இரைச்சல். எங்கள் வீட்டு மோட்டாரின் கூடப்பிறந்தது. என் தொண்டை அதைக் கேட்டதும், அவிழ்த்துவிட்ட கன்று தொழுவத்தைப் பார்த்து ஓடுவதுபோல் மேலே ஏறப் பார்த்தது. டீச்சரின் கை துருத்தியில் வேகமாக அமுக்கியது. கோமதித் தாயே, ஒரு பேஸை எடுத்துவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். போகவில்லை. மோட்டார் அது பாட்டுக்கு இரைந்தது. நான் கையை நீட்டிப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தேன். மரத்தில் அஞ்சு கட்டை அதிர்வது கைக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். தறி நின்ற எங்கள் கொட்டகை, தலைக்கு மேல் எரியும் பல்பு, வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிற அப்பா எல்லாம் தெரிந்தது. அந்த அமைதியை ஒரு மாதமாகக் கேட்டுப் பழகியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு மோகனத்தை முடித்தேன். ஒரு நூல் ஏறவில்லை, இறங்கவில்லை.

பெரியவர் பிளாஸ்க்கை மூடினார். "சுருதி கெட்டியா நிக்குதே. வீட்டுல தம்புரா உண்டா?" என்றார்.

"இல்ல சார். ரெண்டு தறி உண்டு" என்றேன்.

டீச்சருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

நான் தேறினேன். ட்ரெயினிங் போனேன், சாக்பீஸ் பிடித்தேன், இன்றும் வகுப்பில் எந்தப் பிள்ளை பாடினாலும் பக்கத்தில் என்ன மோட்டார் ஓடுகிறது என்றுதான் முதலில் காது கொடுப்பேன். ஆனால் என் நினைவில் நிற்பது பரீட்சை முடிந்த அன்றைய சாயங்காலம். பெட்டியைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் வெறுங்கையோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். வழக்கமான நேரம் வந்தது, போனது. தறி நிற்கவில்லை. எழுந்து கொட்டகைக்குள் போனேன். அப்பாவின் வேட்டி மடி தட்டையாக இருந்தது.

"இன்னைக்கு பேஸ் போகலியாப்பா?" என்று கத்திக் கேட்டேன்.

அப்பா ஓடுகிற பாவு நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், "இனி எதுக்குப் போவணும்?" என்றார்.

அதுவும் சரிதான், பரீட்சைதான் முடிந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். மற்ற குரூப்களுக்கு இன்னும் முடியவில்லையே, அதற்குள் ஊருக்குக் கரண்டு எப்படிப் பத்தியது என்று ஒரு சின்னக் குழப்பம் வந்தது. அம்மா கேசரி கிண்டியிருந்தாள், குழப்பம் அதோடு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை அம்மனுக்குத் தேங்காய் உடைக்கப் போனேன். நீங்களும் வாங்கப்பா, ஒரு மாசமா நமக்காக அம்மன் பேஸை நிறுத்தி வச்சிருக்கா, வந்து ஒரு கும்பிடு போடுங்க என்று அப்பாவையும் வற்புறுத்தி அழைத்துப்போனேன். தறியை மாமாவிடம் விட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு அவரும் வந்தார். சந்நிதியில் எனக்குப் பக்கத்தில் நின்று, கண்ணை மூடி, ஒழுங்காகத்தான் கும்பிட்டார். தீபாராதனை காட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்காக இவ்வளவு செய்தாயே என்று அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.